ஆபீஸுக்கும் ஒரு மொய் நோட்டு

நம் வீடுகளில் பீரோவின் அடித்தட்டில், பட்டுப் புடவைகளுக்குக் கீழே, ஒரு பழைய மொய் நோட்டு இருக்கும். எந்த ஊர்ச் சித்தப்பா எந்தக் கல்யாணத்துக்கு எவ்வளவு எழுதினார், பதிலுக்கு நாம் எப்போது எவ்வளவு செய்தோம், எல்லாம் அதில் வரி பிசகாமல் இருக்கும். நம்மில் பல பேருக்கு நோட்டே தேவையில்லை, மனப்பாடம்! எந்த வீட்டில் வளைகாப்பு, எந்தப் பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள், நவராத்திரிக்கு யார் வீட்டுக்கு இன்னும் வெற்றிலை பாக்கு வாங்கப் போகவில்லை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவோம். ஐம்பது அறுபது குடும்பங்களோடு உறவு அறுந்து போகாமல் காக்கும் இந்த வித்தையை நமக்கு எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தரவில்லை. அம்மாவைப் பார்த்துப் பார்த்துத் தானாக வந்தது.

இத்தனை கெட்டிக்காரிகளான நாம், நம் சொந்த உத்தியோகத்துக்காக இந்த வித்தையில் கால்வாசியையாவது செலவழிக்கிறோமா? இல்லை. படிப்பு இருக்கிறது, வேலை தெரிகிறது, பொறுப்பு இருக்கிறது. ஆனால் நம் தொழிலில் இருக்கிற நாலு பேருக்கு நம்மைத் தெரியாது. இதற்கு இந்தக் காலத்தில் ‘நெட்வொர்க்கிங்’ என்று பெரிய பெயர் வைத்து, பணம் கட்டச் சொல்லி வகுப்பு எடுக்கிறார்கள். நான் தொழில் பழக்கம் என்றே சொல்லிவிடுகிறேன். உத்தியோகம் பார்க்கிற பெண்ணுக்கு இது நகை மாதிரி ஒரு சொத்து. ஆபத்துக்கு உதவும். ஆனால் கல்யாணம், பிரசவம், கணவரின் மாற்றல் என்று ஒவ்வொன்றின்போதும் சத்தமில்லாமல் கரைந்து போகிற சொத்தும் இதுதான்.

சிபாரிசு வேறு, அறிமுகம் வேறு

“யார் வாசல்லயும் போய் நிக்காதே” என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். அதனால் தெரிந்தவர்களிடம் வேலை விஷயமாகப் பேசுவதே கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிறோம். தகுதி இல்லாதவரை, தகுதி உள்ளவரின் இடத்தில் கொண்டுபோய் உட்கார வைப்பது சிபாரிசு. அதற்குக் கூச்சப்பட வேண்டியதுதான். அறிமுகம் அப்படியல்ல. இங்கே ஓர் இடம் காலியாக இருக்கிறது, அங்கே அந்த வேலை தெரிந்த ஒருத்தி இருக்கிறாள் என்கிற செய்தி, அவ்வளவே. கதவு வரைக்கும்தான் அறிமுகம் வரும். உள்ளே போய்ப் பதில் சொல்ல வேண்டியவள் நாம்தான்.

சின்னக் கம்பெனிகளைப் பாருங்கள். ஒரு கணக்கர் தேவை என்றால் உடனே பத்திரிகையில் விளம்பரம் கொடுப்பார்களா? இருக்கிற ஊழியரைக் கூப்பிட்டு, “உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களாம்மா?” என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தக் கேள்வி வரும்போது நம் பெயர் ஒருவர் வாயிலாவது வர வேண்டும். வராவிட்டால் அப்படி ஓர் இடம் இருந்ததே நமக்குத் தெரியாமல் போய்விடும்.

ஆண்களுக்கு இது சிரமமில்லாமல் நடக்கிறது. ஆபீஸ் வாசலில் ஒரு டீக்கடை இருக்கிறது. பதினொரு மணிக்கு ஒரு தடவை, நாலு மணிக்கு ஒரு தடவை அங்கே நிற்கிறார்கள். எந்த செக்‌ஷனில் யார் ஓய்வு பெறுகிறார், எந்தக் கம்பெனி புதுக் கிளை திறக்கிறது என்பதெல்லாம் ஒரு கிளாஸ் டீ காலியாவதற்குள் கைமாறிவிடும். நாமோ ஐந்தரை அடித்ததும் கைப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், குழந்தையை அழைத்து வர வேண்டும், குக்கர் வைக்க வேண்டும். டீக்கடையில் போய் நில்லுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. நமக்கென்று உள்ள இடங்களைக் கவனித்தாலே போதும்.

மகளிர் பெட்டி

நான் ஒரு கணக்கர். சென்னையில் மாம்பலம் பக்கம் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன். தினமும் தாம்பரத்திலிருந்து மின்சார ரயில். அந்த மகளிர் பெட்டியில் பாங்கில் இருப்பவர், பள்ளிக்கூட டீச்சர், இன்ஷூரன்ஸ் ஆபீஸ்காரர், நர்ஸ் எல்லாரும் உண்டு. பூத் தொடுத்துக்கொண்டும் பீன்ஸ் நறுக்கிக்கொண்டும் வருவோம். பேச்சு மட்டும் மாமியார், மருமகள், சீரியல் என்றே ஓடும். ஒருவர் என்ன வேலை செய்கிறார் என்று இன்னொருவருக்குச் சரியாகத் தெரியாது.

எங்கள் ஆபீஸில் மூத்த கணக்கராக ஓர் அம்மாள் இருந்தார். எல்லாருக்கும் அவர் அக்கா. என் கணவருக்குக் கோயமுத்தூருக்கு மாற்றல் ஆகி, கைக்குழந்தையோடு 2016-ல் நான் வேலையை விட்டபோது, அக்கா ஓர் அரைக்குயர் நோட்டைக் கையில் கொடுத்தார். “இங்க பாரு, வேலையத்தான் விட்டுட்டுப் போற, மனுஷங்கள விட்டுட்டுப் போகாத. இந்த ஒன்பது வருஷத்துல உனக்குத் தெரிஞ்சவங்க பேரையெல்லாம் இதுல எழுதி வை. வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஒவ்வொருத்தர்கிட்டயும் ரெண்டு வார்த்தை பேசு. ஒண்ணும் கேக்காத. சும்மா பேசு” என்றார்.

எழுதினேன். 43 பெயர்கள் வந்தன. கூட வேலை பார்த்தவர்கள், கட்சிக்காரர்கள் (ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு கொண்டு வருபவர்களை அப்படித்தான் சொல்லுவோம்), ரயில் சிநேகிதிகள். பொங்கலுக்கு எல்லாருக்கும் வாழ்த்து, மாதம் மூன்று நாலு பேருக்குப் போன் என்று வைத்துக்கொண்டேன். “ஏம்மா, ஊரு விட்டு ஊரு வந்தும் இன்னுமா அந்த ஆபீஸ் பேச்சு?” என்று என் மாமியார் கேட்பார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் நோட்டில் உறவுக்காரர்கள் மட்டும்தானே இருந்தார்கள்!

2017 ஜூலை முதல் தேதி ஜிஎஸ்டி வந்தது. நான் கற்றிருந்த வாட், சேவை வரி எல்லாம் ஒரே நாளில் பழங்கதையாயிற்று. கையில் குழந்தை, எதிரே தெரியாத சட்டம். அக்காவிடம் போனில் புலம்பினேன். “வாட் போச்சு, சரி. டெபிட்டும் கிரெடிட்டும் எங்கயும் போகலையே! நீ எதுக்கு அழற?” என்று சிரித்தவர், மாதா மாதம் எனக்குப் பாடம் எடுத்தார். 11-ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதிக்குள் வரி கட்டும் 3பி என்று தொடங்கி, வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியை எப்படி வரவு எடுப்பது என்பது வரை. எங்கள் தெருமுனை மளிகைக்காரரின் பில்களை வாங்கி, குழந்தை தூங்கும் நேரத்தில் எழுதிப் பழகினேன்.

2020-ல் ஊரடங்கு. என் கணவரின் சம்பளம் பாதியாயிற்று. வீட்டுக் கடன் தவணை மட்டும் பாதியாகவில்லை. நான் வேலைக்குப் போயே ஆக வேண்டும் என்ற நிலை. ஐந்து வருஷ இடைவெளி, புது ஊர், கணவரின் ஆபீஸ்காரர்களைத் தவிர ஒருவரையும் தெரியாது. விளம்பரம் பார்த்துப் போட்ட விண்ணப்பங்களுக்குப் பதிலே இல்லை. ஓர் இடத்தில், “அஞ்சு வருஷமா சும்மாவா இருந்தீங்க?” என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

நோட்டை எடுத்தேன். 43 பேரில் 12 பேருக்கு எழுதினேன். ஐந்து பேர் பதில் போடவில்லை. ஆறு பேர் அன்பாகப் பேசினார்கள், வழி ஒன்றும் இல்லை என்றார்கள். பன்னிரண்டாவது பெயர் ஒரு ரயில் சிநேகிதி. வாரத்தில் இரண்டு நாள் பார்ப்போம், அவ்வளவுதான். ஒரு சமயம் அவருடைய டெபாசிட் வட்டிக்குப் பிடித்த வரி, பான் எண் தவறியதால் அவர் கணக்கில் ஏறவில்லை. பாங்கில் திருத்தப் பட்டியல் தாக்கல் செய்யச் சொல்லிக் கேளுங்கள் என்று நான் சொல்லி, அதன்படி அவருக்குப் பணம் கிடைத்தது. நான் மறந்தே போயிருந்தேன், அவர் மறக்கவில்லை. அவருடைய சித்தி மகள் கோயமுத்தூரில் கணபதிப் பக்கம், பம்பு செட்டுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் இருக்கிறாராம். “எனக்கு இவங்களத் தெரியும், விவரமானவங்க. நீ பேசிப் பாரு” என்று ஒரு வரி எழுதினார்.

2021 பிப்ரவரியில் நேர்முகம். முதலாளி பேச்சை வளர்க்கவில்லை. ஒரு கட்டு பில்லை மேஜையில் வைத்து, “இதை 2பி-யோட ஒத்துப் பாத்துச் சொல்லுங்க” என்றார். 2பி என்பது, நமக்குச் சரக்கு விற்றவர்கள் காட்டிய கணக்கின்படி நமக்கு எவ்வளவு வரி வரவு கிடைக்கும் என்று காட்டும் பட்டியல். நாலு பில் இடிக்கிறது என்று கண்டுபிடித்துக் கொடுத்தேன். திங்கள்கிழமை வரச் சொன்னார். ரயில் சிநேகிதியின் ஒரு வரி என்னை அந்த மேஜை வரை கொண்டுபோய் விட்டது. பில் ஒத்துப் பார்க்கக் கற்றுக் கொடுத்தவர் அக்கா. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் வேலை இல்லை.

அதிகம் பழகாதவர் எப்படி உதவினார்?

எனக்கே இது ஆச்சரியமாக இருந்தது. ஆனால் இதை ஆராய்ந்து பார்த்தவர்கள் உண்டு. மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியல் அறிஞர் 1973-ல் ஒரு கட்டுரை எழுதினார். தெரிந்தவர் மூலமாகப் புது வேலை பெற்ற ஆண்கள் சிலரைக் கேட்டபோது, வழி சொன்னவரை அடிக்கடி சந்தித்து வந்ததாகச் சொன்னவர்கள் நூற்றுக்குச் சுமார் 17 பேர்தான். மற்றவர்களுக்கெல்லாம் எப்போதாவதோ அபூர்வமாகவோ பார்க்கிறவர்தான் செய்தி கொண்டு வந்திருக்கிறார். நெருங்கிய சிநேகிதிக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்தே இருக்கும். தூரத்துப் பழக்கக்காரர்தான் நமக்கு எட்டாத இடத்துச் செய்தியைக் கொண்டு வருகிறார். ‘லிங்க்ட்இன்’ தளத்தில் 2 கோடிக்கு மேற்பட்டவர்களை வைத்து நடத்தி 2022-ல் வெளியான ஆய்வும், ரொம்ப நெருக்கமானவர்களைவிட ஓரளவு பழக்கம் உள்ளவர்களே வேலை மாற அதிகம் உதவினார்கள் என்றது.

நம் ஊருக்கும் இது புதிதல்ல. 1917-ல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றியது. ஒரு டாக்டராக இருந்த முத்துலட்சுமி ரெட்டியைச் சென்னை மாகாணச் சட்டசபைக்கு நியமிக்கும்படி அவர் பெயரை முன்வைத்தது அந்தச் சங்கம். பிற்பாடு அவர் புற்றுநோய் மருத்துவமனை கட்ட முனைந்தபோதும் கைகொடுத்தது அதே பெண்கள் கூட்டம்தான். 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் ஆங்கிலப் பெயரோடு ‘டபிள்யூ.ஐ.ஏ.’ என்ற எழுத்துகள் இன்றும் இருக்கின்றனவே, அது அந்த மாதர் சங்கத்தின் பெயர்ச் சுருக்கம். பெண்கள் ஒருவரையொருவர் தெரிந்து வைத்திருந்ததால் எழுந்த கட்டடம் அது!

செய்து பாருங்கள்

என் அனுபவத்தில் பலன் தந்த சில விஷயங்களைச் சொல்லுகிறேன்.

முதலாவது, நோட்டு. பெயர், போன் எண், எங்கே பழக்கம், என்ன வேலை, கடைசியாக எப்போது பேசினோம், அவர் நமக்கு என்ன செய்தார், நாம் அவருக்கு என்ன செய்தோம். மொய் நோட்டு மாதிரியேதான். போனில் மட்டும் வைத்திருந்தால், போன் தொலைகிற அன்று எல்லாரும் தொலைந்து போவார்கள்.

இரண்டாவது, பெயர். நமக்குக் கல்யாணம் ஆனதும் அப்பாவின் இனிஷியல் போய்க் கணவரின் இனிஷியல் வருகிறது. போன் எண்ணும் மாறுகிறது. பழைய ஆபீஸ்காரர் தேடினால் எப்படிக் கண்டுபிடிப்பார்? எண் மாறினால் நோட்டில் உள்ள அத்தனை பேருக்கும் சொல்லுங்கள். இணையத்தில் பெயர் போடும்போது பழைய இனிஷியலையும் ஓரமாகச் சேர்த்துப் போடுங்கள். உங்கள் அனுபவச் சான்றிதழ் எல்லாம் அந்தப் பெயரில்தானே இருக்கிறது?

மூன்றாவது, “சும்மா வீட்லதான் இருக்கேன்” என்ற வார்த்தையை விட்டுவிடுங்கள். கோலப்போட்டியானாலும் பள்ளிக்கூட வாசலானாலும், யாராவது கேட்டால் இரண்டு வாக்கியம் தயாராக இருக்கட்டும். “சென்னையில் ஆடிட்டர் ஆபீஸில் ஒன்பது வருஷம் இருந்தேன். இப்போ ஜிஎஸ்டி கத்துக்கிட்டிருக்கேன்.” இதில் தற்பெருமை எங்கே இருக்கிறது? உள்ளதைத்தானே சொல்லுகிறோம்! சமையல் நன்றாக இருக்கிறது என்றால் செய்முறை சொல்லுகிறோமே, அதைப் போலத்தான்.

நான்காவது, கேட்பதற்கு முன் கொடுங்கள். கொடுக்க நம்மிடம் என்ன இருக்கிறது என்று எண்ண வேண்டாம். கடைசித் தேதி மாறியிருந்தால் ஒரு செய்தி, எங்கோ காலியிடம் இருப்பதாகக் காதில் விழுந்தால் ஒரு போன், கூட வேலை பார்த்தவர் பரீட்சை பாஸ் செய்தால் ஒரு வாழ்த்து. காசு செலவில்லாத மொய் இது.

ஐந்தாவது, கேட்கும்போது சின்னதாக, குறிப்பாகக் கேளுங்கள். “ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க” என்றால், கேட்டவர் தலையை ஆட்டிவிட்டு மறந்துவிடுவார். “உங்க ஆபீஸில் சம்பளக் கணக்குக்கு எந்த சாஃப்ட்வேர் வச்சிருக்கீங்க? புதுசா வர்றவங்ககிட்ட என்ன எதிர்பார்க்கிறாங்க? பத்து நிமிஷம் பேசலாமா?” என்று கேட்டுப் பாருங்கள். யோசனை சொல்ல யாருக்குத்தான் பிடிக்காது? அந்தப் பேச்சிலேயே நமக்கு எவ்வளவு தெரியும் என்பது அவருக்கும் புரிந்துவிடும்.

ஆறாவது, முடிவைச் சொல்லுங்கள். வேலை கிடைத்தால் வழி சொன்னவருக்கு அன்றே நன்றி. கிடைக்காவிட்டாலும், “போய்ப் பார்த்தேன், அமையவில்லை, உங்க உதவிக்கு நன்றி” என்று ஒரு வரி. இதைச் செய்தவரை யாரும் மறப்பதில்லை. பதில் போடாதவர்மேல் கோபம் வேண்டாம், அவர் வீட்டில் என்ன கஷ்டமோ! அடுத்த பொங்கலுக்கு அவருக்கும் வாழ்த்து அனுப்புங்கள்.

கொஞ்சம் எச்சரிக்கை

பழக்கம் என்றதும் பெண்ணைப் பெற்றவர்களுக்கும் கட்டியவர்களுக்கும் ஒரு கவலை வரும். அந்தக் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. வேலை விஷயத்தைப் பகலில், ஆபீஸில், நாலு பேர் இருக்கிற இடத்தில் பேசலாம். “சாயங்காலம் தனியா வாங்க, பேசலாம்” என்பவரின் உதவி நமக்கு வேண்டாம். வேலைக்கு முன்பணம் கேட்பவரும், ஓ.டி.பி. கேட்பவரும் ஏமாற்றுக்காரர்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பணியிடத்துப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம், அந்த இடத்தில் வேலை செய்யாத பெண்ணுக்கும் பாதுகாப்புத் தருகிறது. நேர்முகத்துக்குப் போன இடத்தில் தொல்லை என்றாலும் புகார் கொடுக்கலாம். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதைவிடச் சின்ன இடமானால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம்.

இன்னொன்று. நம் பழக்கம் மேலே இருப்பவர்களோடு மட்டும் இருக்க வேண்டும் என்பதில்லை. நமக்குப் பின்னால் வருகிற சின்னப் பெண்களையும் நோட்டில் எழுதுங்கள். எங்கள் கம்பெனிக்குப் போன வருஷம் பயிற்சிக்கு வந்த பெண், கல்யாணம் நிச்சயமாகி ஈரோட்டுக்குப் போகிறாள். “அங்க யாரையும் தெரியாதே மேடம்” என்று கண் கலங்கினாள். என் நோட்டில் ஈரோட்டு ஜவுளிக் கடையில் கணக்குப் பார்க்கும் ஒருவர் இருக்கிறார். எண்ணைக் கொடுத்து, “உடனே வேலை கேக்காத. முதல்ல போய் அறிமுகம் பண்ணிக்கோ. ஊரு எப்படி, தொழில் எப்படின்னு கேளு” என்று சொல்லியிருக்கிறேன். கூடவே ஓர் அரைக்குயர் நோட்டும் வாங்கிக் கொடுத்தேன்.

இன்று இரவு பாத்திரம் கழுவி முடித்த பிறகு பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். உங்களோடு படித்தவர், வேலை பார்த்தவர், பயிற்சிக்கு வந்தவர் என்று பத்துப் பெயர் எழுதுங்கள். நாளை அதில் ஒருவரைக் கூப்பிட்டுச் சௌக்கியமா என்று கேளுங்கள். இப்போதைக்கு வேறொன்றும் கேட்க வேண்டாம்.